பாதிக் கோலம்

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் தளர்ந்துவிட்டன. கால் ஓரளவு தேறியதும் வலது கையால் மறுபடி வாசலில் கோலம் போட உட்கார்ந்திருக்கிறார். புள்ளியெல்லாம் வலது பக்கத்தில் மட்டும். கோடு இழுத்ததும் அந்தப் பக்கத்தில் மட்டும். "முடிஞ்சிடுச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டாராம். "கண்ணில் கோளாறு இல்லை என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள், மந்திரித்துக்கொண்டு வா என்று தெருவில் சொல்கிறார்கள். அம்மாவுக்கு என்னதான் ஆயிற்று?" என்று கேட்கிறார்.

வேலூரைச் சுற்றியுள்ள ஊர்களுக்குக் கோலமாவும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு போய் மூளையைப் பற்றிப் பேசும் ஒரு சிறிய தன்னார்வக் குழுவில் நானும் இருக்கிறேன். பிசியோதெரபி படிக்கும் பிள்ளைகள், ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர், தெருக்கூத்து ஆடும் இளைஞர் ஒருவர் என்று கலவையான கூட்டம். மகளிர் குழுக் கூட்டம், நூறு நாள் வேலை நடக்கும் இடம், எங்கே நாலு பேர் கூடினாலும் போவோம். கூத்துக்காரத் தம்பி அரிதாரம் பூசி, வாயின் ஒரு ஓரத்தைக் கீழே இறங்கினாற்போல் வரைந்துகொண்டு வந்து நிற்பார். முகம் கோணினால், கை தூக்க முடியாவிட்டால், பேச்சுக் குழறினால் 108-ஐ அழைக்க வேண்டும் என்பது அதற்கப்புறம் யாருக்கும் மறக்காது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதனால்தான் இந்த அவசரம்.

வாசகியின் கேள்விக்கு வருகிறேன். மூளையின் வலது பாதி உடலின் இடது பக்கத்தை ஆள்கிறது என்பது பள்ளியிலேயே படித்தது. வலது மூளைக்கு ரத்தம் தடைபட்டதால் அம்மாவின் இடது கை கால் தளர்ந்தன. அதே இடத்துக்குப் பக்கத்தில், காதுக்குச் சற்று மேலே பின்புறமாக, இன்னொரு வேலை நடக்கிறது. 'இப்போது எதைக் கவனிக்க வேண்டும்' என்று தீர்மானிக்கும் வேலை அது. அந்தப் பகுதி அடிபட்டால் கண் இடது பக்கத்தைப் படம்பிடித்து அனுப்பினாலும் அதை எடுத்துப் பார்க்க ஆள் இல்லை. மருத்துவர்கள் இதை ஒருபக்கப் புறக்கணிப்பு என்கிறார்கள்.

வலது மூளை கெட்டால்தான் இது பெரும்பாலும் கடுமையாக வருகிறது, இடது மூளை கெட்டால் அவ்வளவாக இல்லை. ஏன்? பரவலாக ஏற்கப்படும் விளக்கம் இது. இரண்டு காவல்காரர்களை நினைத்துக்கொள்ளுங்கள். இடது மூளைக் காவல்காரர் வலது பக்கத் தெருவை மட்டும் பார்க்கிறவர். வலது மூளைக்காரர் இரண்டு தெருவையும் பார்ப்பவர். முதலாமவர் விழுந்தால் மற்றவர் சமாளித்துவிடுவார். இரண்டாமவர் விழுந்தால் இடது தெருவுக்குக் காவலே கிடையாது. அதைவிட மோசம், காவல் இல்லை என்று சொல்லவும் ஆள் இல்லை. அதனால்தான் அம்மா "முடிஞ்சிடுச்சு" என்று அவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறார். அவருக்கு அது முழுக் கோலம்.

சரி, இது பார்ப்பதில் மட்டும் வரும் சிக்கலா? என்னை ஆண்டுக்கணக்காகக் கட்டிப்போட்டிருக்கும் பரிசோதனை இங்கேதான் வருகிறது. 1978-ல் பிசியாக், லுட்சாட்டி என்ற இரண்டு இத்தாலிய ஆய்வாளர்கள், மிலான் நகரத்து நோயாளிகளிடம் ஊரின் பெரிய தேவாலயச் சதுக்கத்தை மனதில் நினைக்கச் சொன்னார்கள். தேவாலயத்தைப் பார்த்தபடி சதுக்கத்தின் மறுமுனையில் நிற்பதாக எண்ணிக்கொண்டு என்னென்ன தெரிகிறது என்று சொல்ல வேண்டும். வலது பக்கத்துக் கட்டடங்களைச் சொன்னார்கள், இடது பக்கம் பெரும்பாலும் விட்டுப்போனது. அப்புறம், தேவாலய வாசற்படிக்குப் போய்த் திரும்பி நிற்பதாக நினைக்கச் சொன்னார்கள். சற்றுமுன் விட்டுப்போன கட்டடங்களெல்லாம் இப்போது வந்தன! முதலில் சொன்னவை காணாமல் போயின.

நம் ஊருக்கு மாற்றிப் பாருங்கள். வேலூரிலிருந்து காட்பாடிக்குப் பாலாற்றுப் பாலத்தில் போவதாக நினைத்தால் இடது கைப்பக்கம் மேற்கு. அந்தத் திசையில் ஆற்றங்கரையில் இருப்பதெல்லாம் அம்மாவின் பேச்சில் வராது. காட்பாடியிலிருந்து திரும்பி வருவதாக நினைக்கச் சொன்னால் மேற்கு வந்துவிடும், கிழக்கு போய்விடும். நினைவு அழியவில்லை. இரண்டு கரையும் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கின்றன. மனம் தனக்குள் வரைந்து பார்க்கும் படத்திலும் இடது பாதிக்குக் கவனம் போவதில்லை. கண்ணை மூடிக்கொண்டாலும் நோய் கூடவே வருகிறது என்பதை முதலில் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கவனம் என்பது மூளைக்குள் இடம், வலம் என்ற வரைபடத்தின் மேல் ஓடுகிற ஒன்று என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

சிலரிடம் இது இன்னும் நுணுக்கமாகத் தெரியும். நாலு தாமரை போட்ட கோலத்தைப் பார்த்துப் போடச் சொன்னால் நாலையும் போடுவார்கள், ஒவ்வொரு தாமரையிலும் இடது இதழ்கள் மட்டும் இருக்காது. ஓவியர்களிடமும் இதைப் பார்க்கலாம். அன்டோன் ரேடர்ஷைட் என்ற ஜெர்மன் ஓவியருக்கு 1967-ல் பக்கவாதம் வந்தது. அதன்பின் தன் முகத்தையே வரைந்துகொண்டிருந்தார். ஆரம்பப் படங்களில் ஒரு பாதி ஏறக்குறைய காலி. போகப் போக அந்தப் பாதி கொஞ்சம் கொஞ்சமாக நிரம்புகிறது.

இங்கே என் ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையை 1949-ல் ஜேக்கப் சாண்டி தொடங்கியது நம் வேலூர் சிஎம்சி-யில்தான். அதே மண்ணில் இன்றும் கை கால் விழுந்தவருக்குப் புறா ரத்தம் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். தாயத்துக் கட்டி முடிப்பதற்குள் அந்த நாலரை மணி நேரம் போய்விடுகிறது. இதைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக இருக்க எனக்கு வரவில்லை. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பவர்களிடமும் எனக்குக் குறை உண்டு. 'கடிகாரம் வரையுங்கள்', 'இந்தக் கோட்டின் நடுப்புள்ளியைக் குறியுங்கள்' என்பவை புறக்கணிப்பைக் கண்டுபிடிக்கும் வழக்கமான சோதனைகள். பேனாவே பிடிக்காத பாட்டியிடம் கடிகாரம் வரையச் சொல்லி என்ன தெரிந்துகொள்வது? அவருக்கு 7 புள்ளி 7 வரிசை என்றால் தூக்கத்திலும் கை போகும். எந்த வயதில் எத்தனை புள்ளி தவறுவது இயல்பு என்று முறையாக அளந்து, கோலத்தையே ஒரு சோதனையாக ஆக்கப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். சில ஆண்டுகளுக்குச் சிலருக்குச் சம்பளம் வேண்டும், அவ்வளவுதான். கோலம் போட்டால் பக்கவாதம் குணமாகும் என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் ஒரு தாயத்துதான்.

வாசகிக்கு: அம்மாவிடம் "பாதிதான் போட்டிருக்கிறாய்" என்று சண்டை போட வேண்டாம். வாசலின் இடது ஓரத்தில் அகலமாக ஒரு காவிக் கோடு இழுத்துவிடுங்கள். முதலில் அதைத் தேடித் தொடச் சொல்லுங்கள், தொட்ட இடத்திலிருந்து புள்ளி வைக்கட்டும். சிகிச்சையாளர்களும் வாசிக்கப் பழக்கும்போது பக்கத்தின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டு இப்படித்தான் தொடங்குவார்கள். தட்டில் பாதிச் சோறு மிஞ்சினால் தட்டைத் திருப்பி வையுங்கள். முக்கியமானதை அவருடைய வலப்பக்கம் நின்று சொல்லுங்கள், மற்ற நேரத்தில் இடப்பக்கம் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள். அடுப்படியிலும் ரோட்டிலும் தனியாக விடாதீர்கள், இடதுபக்கம் வரும் வண்டி அவர் கவனத்தில் படாது. கோலம் முடிந்ததும் செல்போனில் படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது அந்தப் படங்களை வரிசையாக டாக்டரிடம் காட்டி, இதற்கான பயிற்சி சிகிச்சை வேண்டும் என்று கேளுங்கள்.