சீட்டில் எழுதியதும் உடம்பில் சேர்ந்ததும்

அல்சூர், ஸ்ரீராம்புரம், சிவாஜிநகர் என்று பெங்களூரில் தமிழ் புழங்கும் எந்தத் தெருவின் மருந்துக் கடையில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "அண்ணா, பத்தும் வேணாம். ரெண்டு நாளைக்கு மட்டும் வெட்டிக் குடுங்க. கேக்கலைன்னா வந்து வாங்கிக்கிறேன்." கடைக்காரர் கத்தரிக்கோலை எடுக்கிறார், அட்டையிலிருந்து நாலு மாத்திரை போகிறது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டால் மீதி ஆறை யாரும் வந்து வாங்குவதில்லை.

மருந்துக்கு அடங்காத கிருமி என்று பேச்செடுத்தால் எந்த மருந்து என்பதைப் பற்றித்தான் சண்டை போடுகிறோம். எழுதிய மருந்தில் எவ்வளவு, எத்தனை மணி நேர இடைவெளியில், நோயாளியின் ரத்தத்தில் போய்ச் சேர்ந்தது என்று கேட்பவர்கள் குறைவு. சீட்டுக்கும் உடம்புக்கும் நடுவே பல ஓட்டைகள் இருக்கின்றன. கவுன்டரில் இருந்தாலும் ஆஸ்பத்திரி பார்மசியில் இருந்தாலும், அந்த ஓட்டைகளை அடைப்பது மருந்தாளுநரின் வேலை.

அளவு குறைந்தால் ஏன் ஆபத்து என்பதற்குக் காசநோயைவிட நல்ல கணக்கு கிடையாது. காசநோய்க் கிருமிகளில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒன்று ஐசோனியாசிட் என்ற காசநோய் மருந்துக்கு இயல்பாகவே அடங்காது. ரிஃபாம்பிசின் என்ற இன்னொரு மருந்துக்கு அடங்காதது பத்துக் கோடியில் ஒன்று. நுரையீரலில் குழி விழுந்தவரிடம் பத்துக் கோடிக் கிருமி இருப்பது சாதாரணம். அதாவது முதல் மாத்திரையை விழுங்கும் முன்பே ஐசோனியாசிட்டுக்கு அசையாத நூறு கிருமிகள் உள்ளே உட்கார்ந்திருக்கின்றன. அதை மட்டும் கொடுத்தால் மற்றவை செத்து, அந்த நூறுக்கு இடம் காலியாகும். அதனால்தான் நான்கு மருந்தைச் சேர்த்துக் கொடுக்கிறோம். சாதாரணத் தொற்றிலும் இதே கதைதான், எண்கள் மட்டும் வேறு. அரைகுறை அளவு பலவீனமானவற்றைக் கொன்று, கொஞ்சம் தாக்குப்பிடிப்பவற்றை வளர விடுகிறது. தொண்டைக்குக் கொடுத்த மருந்து குடலில் இருக்கும் ஈ.கோலையையும் தொடுகிறது என்பதை மறந்துவிடுகிறோம். ஆறு மாதம் கழித்துச் சிறுநீர்த் தொற்றாக வருவது பெரும்பாலும் அந்தக் குடல் கிருமிதான்.

அளவில் அதிகமாகக் கோட்டை விடுவது குழந்தைகளின் டிரை சிரப்பில், அதாவது தூளாக வந்து வீட்டில் தண்ணீர் கலக்கும் மருந்தில். அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் சிரப் பெட்டியில் 228.5 என்று போட்டிருக்கும். அது 5 மி.லி.யில் 200 மி.கி. அமாக்ஸிசிலின், 28.5 மி.கி. கிளாவுலனேட் (அமாக்ஸிசிலினைக் கிருமி சிதைக்காமல் காக்கும் துணை மருந்து). இன்னொன்று 457, அதாவது 400-உம் 57-உம். கிலோ கணக்கு போடும்போது அமாக்ஸிசிலினை மட்டும்தான் எடுக்க வேண்டும். 10 கிலோ குழந்தை, நாளைக்குக் கிலோவுக்கு 45 மி.கி., இரு வேளை: ஒரு வேளைக்கு 225 மி.கி. அது 228.5 சிரப்பில் 5.6 மி.லி., 457-இல் 2.8 மி.லி. 457-ஐ நினைத்து டாக்டர் 2.8 மி.லி. எழுதி, கடையில் அது இல்லாமல் 228.5 கைமாறினால் குழந்தைக்குப் பாதி மருந்துதான் போகும். காதுத் தொற்றுக்கு டாக்டர் கிலோவுக்கு 80, 90 என்று எழுதியிருந்தால் சேதம் இன்னும் பெரிது.

இதே கணக்கை இன்னும் ஒரு அடி தள்ளிப் பாருங்கள். 5.6 மி.லி. இரு வேளை என்றால் நாளைக்கு 11.2. பாட்டில் 30 மி.லி. மூன்றாம் நாளைக்குள் காலி. ஐந்து நாளைக்கு 56 மி.லி. வேண்டும், அதாவது இரண்டு பாட்டில். சீட்டில் பாட்டில் எண்ணிக்கை இல்லையென்றால் கடையில் ஒன்றுதான் கொடுப்பார்கள். பாட்டில் தீர்ந்ததும் "மருந்து முடிஞ்சிருச்சு" என்று அம்மா நினைப்பது அவர் தப்பில்லை. இரண்டாவது பாட்டிலை முதல் நாளே கலக்காமல், தூளாகவே வைத்திருக்கச் சொல்லுங்கள். கலந்ததற்கு ஃபிரிட்ஜில் ஏழு நாள்தான் ஆயுள்.

கலப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. முதலில் மூடியோடு பாட்டிலைத் தட்டி, அடியில் கட்டியான தூளை உதிர்க்க வேண்டும். கொதித்து ஆறிய நீரை, அல்லது பெட்டியிலேயே வரும் நீரை, கோட்டுக்குக் கீழே பாதிக்கு மேல் வரும்வரை ஊற்றிக் குலுக்க வேண்டும். நுரை அடங்கும்வரை காத்திருந்து, பிறகு கோடு வரை நிரப்பி மறுபடி குலுக்க வேண்டும். நுரையையே மட்டமாக எடுத்துக்கொண்டு நிறுத்தினால் தண்ணீர் குறைந்து, மருந்து கெட்டியாகி, கடைசி நாளுக்கு இல்லாமல் போகும். கோட்டைத் தாண்டி ஊற்றினால் ஒவ்வொரு வேளையும் நீர்த்துப் போகும். வெந்நீர் கூடவே கூடாது, கிளாவுலனேட் சூட்டைத் தாங்காது. வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை என்று தெரிந்தால் தண்ணீரில் கரையும் மாத்திரையாக மாற்றித் தரலாமா என்று டாக்டருக்கு ஒரு போன் போடுவது மேல். சமையலறைக் கரண்டிக்குப் பதில் ஊசியில்லா சிரிஞ்சு கொடுங்கள், 5.6-ஐக் கரண்டியில் அளக்க எந்த அம்மாவாலும் முடியாது.

பெரியவர்களின் மாத்திரையிலும் எண் ஏமாற்றும். 625 என்பது 500-உம் 125-உம். கடையில் 625 தீர்ந்துவிட்டது, 375 இரண்டு போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்கிறார்கள். 375 என்பது 250-உம் 125-உம். இரண்டு சேர்ந்தால் கிளாவுலனேட் 250 ஆகிவிடும், வயிற்றுப்போக்கு வரும் வாய்ப்பு கூடும். வயிறு கெட்டால் மாத்திரையை நிறுத்துவார்கள், கோர்ஸ் அங்கேயே அறுந்துபோகும். அட்டையை வெட்டும்போது பக்கத்துக் குழியின் படலம் கிழிந்தால், அந்த மாத்திரை ஈரம் வாங்கி வீணாகும் என்பதும் இதே மருந்தின் கோளாறுதான்.

இனி நேரம். 1-1-1 என்று எழுதினால் நம் ஆட்கள் அதைக் காலை டிபன், மதியச் சாப்பாடு, ராத்திரிச் சாப்பாடு என்று படிக்கிறார்கள். எட்டு, ஒன்று, எட்டு. இரவில் பன்னிரண்டு மணி நேரம் இடைவெளி. அமாக்ஸிசிலினின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் அதன் அளவு பாதியாகும் நேரம், சுமார் ஒரு மணி. பென்சிலின் வகைகள் வேலை செய்வது உச்சத்தின் உயரத்தால் அல்ல, கிருமியை அடக்கும் அளவுக்கு மேல் எவ்வளவு நேரம் ரத்தத்தில் நிற்கின்றன என்பதால். காலை 6, மதியம் 2, இரவு 10 என்று எண்ணாகவே சொல்லிவிட வேண்டும். பீன்யாவிலும் மைசூர் ரோட்டிலும் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகும் பெண்கள் மதிய மாத்திரையை எடுத்துப் போவதில்லை, லைனை விட்டு எழுந்திருக்க முடியாது. அவர்களிடம் "விடாமப் போடுங்க அக்கா" என்று உபதேசம் செய்வதைவிட, இரு வேளை போடும் வகைக்கு மாற்ற முடியுமா என்று எழுதியவரைக் கேட்பது புத்திசாலித்தனம். சிப்ரோஃப்ளாக்ஸசின், டாக்ஸிசைக்ளின் எழுதியிருந்தால் கேள்வி வேறு: பால், இரும்பு மாத்திரை, கால்சியம், ஜெலுசில் மாதிரி மருந்து ஏதாவது உண்டா? இவை குடலிலேயே மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சிப்ரோவை இவற்றுக்கு இரண்டு மணி முன்போ ஆறு மணி பின்போ போட வேண்டும். காலையில் பால் ஊற்றிய ராகி மால்ட்டோடு சிப்ரோ விழுங்கினால் அட்டையில் எழுதிய 500 முழுதாக ரத்தத்தில் சேராது.

டைஃபாய்டில் வேறொரு தப்பு நடக்கிறது. செஃபிக்ஸிம் சாதாரணத் தொற்றுக்குக் குழந்தைக்குக் கிலோவுக்கு நாளைக்கு 8 மி.கி. டைஃபாய்டுக்கு 15 முதல் 20, அதுவும் பதினான்கு நாள். மருந்து சரியாக இருந்தாலும் காய்ச்சல் இறங்க நான்கிலிருந்து ஏழு நாள் ஆகும். மூன்றாம் நாளும் சுட்டால் வீட்டில் பயந்து டாக்டரை மாற்றுகிறார்கள், புது டாக்டர் மருந்தை மாற்றுகிறார். முதல் நாளே இதைச் சொல்லி அனுப்பினால் பாதி ஓட்டம் நின்றுவிடும். இருமலுக்கு லீவோஃப்ளாக்ஸசின் கேட்டு வருபவரிடம் எத்தனை வாரமாக என்று கேளுங்கள். இரண்டு வாரம் தாண்டியிருந்தால் சளிப் பரிசோதனைதான் முதலில். அந்த மருந்து காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கி, நோயை மறைத்து, பின்னால் தேவைப்படும்போது கைவிட்டுவிடும்.

சட்டம் இதில் கொஞ்சம் துணை நிற்கிறது. சீட்டைப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றித்தான் விற்க வேண்டிய மருந்துகளின் ஹெச்1 பட்டியல் 2014 மார்ச் 1 அன்று 46 மருந்துகளோடு நடப்புக்கு வந்தது. செஃபிக்ஸிம், செஃபோடாக்ஸிம், லீவோஃப்ளாக்ஸசின், ஃபாரோபெனெம், மெரோபெனெம் எல்லாம் உள்ளே. எழுதிய டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு என்று தனிப் பதிவேட்டில் ஏற்றி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அசித்ரோமைசினும் அமாக்ஸிசிலினும் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் சீட்டே வேண்டாம் என்று சிலர் நடத்துகிறார்கள். அது தவறு, இரண்டும் சீட்டோடுதான் விற்க வேண்டிய ஹெச் பட்டியலில் இருக்கின்றன. அசித்ரோவின் அரை ஆயுள் 68 மணி நேரம். மூன்று நாள் போட்டு நிறுத்தினாலும் பல நாள் மெல்லிய அளவில் உடம்பில் தங்கும். சளிக்குச் சும்மா வாங்கிப் போடுபவர், அத்தனை நாளும் கிருமிக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்.

ஆஸ்பத்திரிக்குள் வந்தால் ஓட்டைகள் இன்னும் நுணுக்கமானவை. 1 கிராம் மெரோபெனெமை 100 மி.லி. சலைனில் கலந்து டிரிப் போடுகிறார்கள். பாட்டில் காலியானதும் நர்ஸ் கிளாம்பை மூடி, செட்டைக் கழற்றிப் போட்டுவிடுகிறார். அந்தக் குழாய்க்குள் 15, 20 மி.லி. நின்றுபோகிறது. அதாவது 150, 200 மி.கி. மருந்து ஒவ்வொரு வேளையும் குப்பைக்கூடைக்குப் போகிறது. 50 மி.லி.யில் கலந்தால் இழப்பு இரட்டிப்பு. சார்ட்டில் மட்டும் 1 கிராம் கொடுத்ததாக டிக் இருக்கும். மருந்து முடிந்ததும் அதே குழாயில் 25 மி.லி. சலைனை அதே வேகத்தில் ஓட விட்டால் தீர்ந்தது, செலவு சில ரூபாய். மெரோபெனெமைக் குளுக்கோஸில் கலக்காதீர்கள், சீக்கிரம் சிதையும். முதல் டோஸை அரை மணியிலும் அடுத்தவற்றை மூன்று மணி நேரத்திலும் ஓட்டும் முறையில் இந்தக் குழாய்க் கணக்கு இன்னும் முக்கியமாகிறது. என்.டி.எம்-1 பற்றி 2010-இல் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்த ஆய்வில் சென்னை மாதிரிகளும் இருந்தன. மெரோபெனெமைச் செயலிழக்கச் செய்யும் நொதி அது. நம் கையில் கடைசியாக மிஞ்சிய மருந்துகளில் ஒன்றைக் குழாயில் விட்டுவிட்டு வருவது எந்த ஊர் நியாயம்?

சிறுநீரகம் அடுத்த இடம். 72 வயதுப் பாட்டி, 48 கிலோ, ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.4. ரிப்போர்ட்டில் லேசாகத்தான் கூடியிருக்கிறது என்று தோன்றும். 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72-ஐ (இது வயதல்ல, சூத்திரத்தின் மாறா எண்) கிரியாட்டினினால் பெருக்கி வருவதால் வகுத்து, பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்குங்கள்: சிறுநீரகம் நிமிடத்துக்குச் சுத்தம் செய்யும் அளவு 27.5 மி.லி. என்று வருகிறது. 30-க்குக் கீழே. இவருக்குச் சிறுநீர்த் தொற்று என்று நைட்ரோஃப்யூரன்டாயின் கொடுத்தால் அது சிறுநீருக்குப் போதிய அளவு வராது, ரத்தத்தில் மட்டும் சேரும். லீவோஃப்ளாக்ஸசின் 750 என்றால் தினமும் அல்ல, 48 மணிக்கு ஒரு முறை. ஆனால் இதே கணக்கைக் காட்டி முதல் டோஸைக் குறைப்பவர்களும் இருக்கிறார்கள், அது எதிர்த் திசைத் தப்பு. தொடக்க டோஸ் உடம்பை நிரப்புவதற்கு. வான்கோமைசினோ கொலிஸ்டினோ, சிறுநீரகம் எப்படி இருந்தாலும் முதல் டோஸ் முழுதாகப் போக வேண்டும். குறைப்பது இரண்டாவதிலிருந்து. தொற்று முற்றி உறுப்புகள் தடுமாறும் செப்சிஸில் முதல் இரண்டு நாள் கிரியாட்டினின் ஏறியிருந்தாலும் திரவம் கொடுத்ததும் இறங்குவது உண்டு, அவசரப்பட்டுப் பாதியாக்கினால் நோயாளி மோசமான வேளையில் பாதி மருந்தில் இருப்பார்.

கிருமியை வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று சொல்லும் கல்ச்சர் ரிப்போர்ட்டைப் படிப்பதில் ஒரு பழக்கத்தை விட்டாக வேண்டும். எம்.ஐ.சி., அதாவது கிருமி வளராமல் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச மருந்தளவு, எதில் சிறியதோ அதுவே சிறந்த மருந்து என்று பேனாவால் வட்டம் போடுகிறார்கள். ஈ.கோலைக்கு சிப்ரோ 0.5, மெரோபெனெம் 1 என்று வந்தால், சிப்ரோ இடைநிலை, மெரோபெனெம் அடங்கும் வகை. ஒவ்வொரு மருந்துக்கும் அதன் எல்லைக்கோடு வேறு, சிப்ரோவுக்கு 0.25, மெரோபெனெமுக்கு 1; அதற்குள் இருந்தால்தான் கிருமி அடங்கும் வகை. குதிரையின் உயரத்தையும் ஆட்டின் உயரத்தையும் ஒரே கோலால் அளந்து எது வளர்ந்தது என்று கேட்பது போல. செஃபெபிம் என்ற மருந்துக்கு எதிரே எஸ்.டி.டி. (அளவைக் கூட்டினால் கேட்கும்) என்று போட்டிருந்தால் அதுவும் அளவைப் பற்றிய சேதிதான்: எம்.ஐ.சி. 4 என்றால் 1 கிராம் எட்டு மணிக்கொரு முறை அல்லது 2 கிராம் பன்னிரண்டு மணிக்கொரு முறை, 8 என்றால் 2 கிராம் எட்டு மணிக்கொரு முறை. வழக்கமான அளவில் கொடுத்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று மெரோபெனெமுக்குத் தாவக் கூடாது. ஜுரமோ எரிச்சலோ இல்லாதவரின் சிறுநீரில் கிருமி வளர்ந்திருந்தால், கர்ப்பிணியோ சிறுநீர்ப்பாதை அறுவைக்குப் போகிறவரோ தவிர, பெரும்பாலும் மருந்தே வேண்டாம்.

"கோர்ஸை முடி" என்ற பழைய வாசகத்தையும் கொஞ்சம் திருத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நிலை தேறிய சாதாரண நிமோனியாவுக்கு ஐந்து நாள் போதும் என்று இப்போது தெரியும். பத்து, பதினான்கு என்று இழுப்பது குடல் கிருமிகளைத்தான் பதம் பார்க்கிறது. நாளைக் குறைப்பது டாக்டர் சீட்டில் செய்ய வேண்டிய வேலை, நோயாளி வீட்டில் செய்யக் கூடாது. காசநோயில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, ஆறு மாதம் என்றால் ஆறு மாதம்தான்.

கவுன்டரில் கடைசியாக ஒன்று. அட்டையின் பின்பக்கம் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ அவசரமாகக் கிறுக்கிக் கொடுப்பதை இங்கே பல பாட்டிகளால் படிக்க முடியாது. சூரியன் ஒன்று, நிலா ஒன்று வரைந்து, பக்கத்தில் மணி எழுதி, அதன் கீழே மொத்த மாத்திரை எண்ணிக்கையைப் போடுங்கள். சிரப் பாட்டிலாக இருந்தால் மூடியின் மேல் மார்க்கர் பேனாவில் கலந்த தேதியை எழுதுங்கள். எட்டாம் நாள் ஃபிரிட்ஜைத் திறப்பவருக்கு அதை ஊற்றிவிட வேண்டும் என்பது அந்தத் தேதியைப் பார்த்தால்தான் தெரியும்.