வெட்டினாலும் பிரியாத ஸ்வெட்டர்

ஜாஸ் இசை கொடிகட்டிப் பறந்த 1920-களில் ஆண்களின் உடையிலும் நிறங்கள் துணிச்சலாகப் புகுந்தன. பிரிட்டனின் பட்டத்து இளவரசர் எட்வர்ட், 1922-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் சங்கத் தலைவராகப் பொறுப்பேற்றபோது, பட்டை பட்டையாகப் பல வண்ணக் கோலங்கள் நிறைந்த ஃபேர் ஐல் ஸ்வெட்டரை அணிந்து வந்தார். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து, ஓர்க்னி தீவுக்கூட்டங்களுக்கு இடையிலுள்ள சின்னஞ்சிறு தீவின் பெயரைத் தாங்கிய அந்தப் பின்னல் விரைவிலேயே நாகரிகமானது.

எத்தனை நிறங்கள் கண்ணில் பட்டாலும், மரபான முறையில் ஒரு வரிசைக்கு இரண்டு நூல்கள்தான். நீலத்தில் இரண்டு கண்ணிகள் (பின்னலின் வளையங்கள்), வெள்ளையில் மூன்று எனப் பின்னும்போது, வேலையில்லாத நூல் துணியின் பின்புறமாகக் கிடையாக ஓடித் தன் முறைக்குக் காத்திருக்கும். அந்த ஓட்டம் நீண்டுவிட்டால் ஸ்வெட்டரை மாட்டும்போது விரல் சிக்கிக்கொள்ளும் என்பதால், ஒரே நிறம் தொடர்ந்து பல கண்ணிகளுக்கு நீளாத சிறு சாய்சதுரங்களும் சிலுவைகளுமே இதில் மிகுதி. நாம் ரசிக்கும் அழகில் பாதி நூலின் கட்டாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது. பின்னால் ஓடும் நூல்கள் துணிக்கு இன்னொரு அடுக்காக அமைந்து காற்றைச் சிறைப்பிடிப்பதால், மெல்லிய ஸ்வெட்டரும் நன்றாகக் கதகதப்புத் தருகிறது.

வியப்பு இனிமேல்தான். கோலம் எப்போதும் கண்முன் இருக்கவேண்டும் என்பதற்காக உடலை ஒரே குழாயாகச் சுற்றிச் சுற்றிப் பின்னுகிறார்கள். கை வரவேண்டிய இடத்தில் சில கண்ணிகளைக் கூடுதலாகப் போட்டு, பின்னி முடித்ததும் அவற்றின் நட்டநடுவே கத்தரியை மேலிருந்து கீழாக ஓட்டுகிறார்கள். பனியனில் ஒரு கண்ணி அறுந்தாலே மேலும் கீழும் ஓட்டை ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு நெஞ்சு பதறும். ஆனால் இங்கே வெட்டு மேலிருந்து கீழாக அடுக்கிய கண்ணிகளின் போக்கிலேயே செல்வதால், ஒவ்வொரு வரிசையிலும் எஞ்சும் சிறு நூல்முனை பக்கவாட்டில் நழுவினால்தான் துணி பிரியும். அதைத் தடுப்பது கம்பளி இழையின் மேற்பரப்பு. நுண்ணோக்கியில் பார்த்தால், கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று கவிந்த செதில்கள் தெரியும். அவை பக்கத்து இழைகளைப் பற்றிக்கொள்கின்றன, அணிய அணிய இன்னும் இறுக்கமாகப் பின்னிப் பிணைகின்றன.

இயந்திரத்தில் துவைப்பதற்காகச் செதில்களை நீக்கியோ மேற்பூச்சிட்டோ விற்கப்படும் கம்பளிக்கு இந்தப் பிடிப்பு குறைவு; அதில் பின்னியதை வெட்டுமுன் இருபுறமும் தையல் போட்டாக வேண்டும்.