பார்க்ல வீல்சேர் எங்க மாட்டிக்குது? எல்லாம் தரையிலதான் இருக்கு

வாசல்ல ஒரு ராம்ப் போட்டாச்சுன்னா மாற்றுத்திறனாளிகளுக்கு பார்க் ரெடின்னு நிறைய பேர் நெனைச்சுக்கிறாங்க. ராம்ப் ஏறி உள்ள போனா பத்தடியில கூழாங்கல் பாதை ஆரம்பிக்கும், வீல்சேர் அங்கயே நின்னுடும். உலகத்துல ஆறு பேர்ல ஒருத்தர், சுமார் 130 கோடி பேர், ஏதோ ஒரு வகையில குறிப்பிடத்தக்க அளவு உடல் அல்லது மனக் குறைபாட்டோட வாழுறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதனால இது யாரோ நாலு பேரோட பிரச்சனை இல்ல. ஆனா இந்தக் கட்டுரையில இரக்கம், சமூகப் பொறுப்பு அதெல்லாம் பேசப் போறதில்ல, தரையப் பத்திதான் பேசப் போறேன், ஏன்னா ஒருத்தர் உள்ள போக முடியுமா முடியாதாங்கிறது பெரும்பாலும் அங்கதான் முடிவாகுது.

மொதல்ல சரிவு. ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேணும், அதாவது 1-க்கு 12, இதான் பல நாட்டு விதிகள்லயும் வர்ற கணக்கு. ஏன் 12? ஆளும் வீல்சேரும் சேர்ந்து 90 கிலோன்னு வெச்சுக்கோங்க, 1-க்கு 12 சரிவுல அந்த எடையில பன்னிரண்டுல ஒரு பங்கு, ஏழரை கிலோ, விடாம பின்னாடி இழுத்துட்டே இருக்கும். நடக்கறவங்க நடுவுல நின்னு மூச்சு வாங்கிக்கலாம், வீல்சேர்ல போறவர் சக்கரத்துல இருந்து கைய எடுத்தா வண்டி கீழ உருண்டுடும், அதுதான் பெரிய வித்தியாசம். அதே சரிவ 1-க்கு 20-ன்னு படுக்க வெச்சா இழுப்பு நாலரை கிலோவா குறையும். மொத்தத்துல மேல ஏத்துற வேலை ரெண்டுலயும் ஒண்ணுதான், ஆனா தோள்பட்டைக்கு ஒவ்வொரு தள்ளுலயும் விழுற பாரம் வேற. தோள்பட்டை மூட்டு எல்லா பக்கமும் சுத்துறதுக்கு உருவானது, நாள் முழுக்க உடம்பு எடைய தள்ளுறதுக்கு இல்ல, வருஷக்கணக்கா கையால வீல்சேர் தள்ளுறவங்கள்ல தோள்வலி அவ்ளோ சகஜமா இருக்கறதுக்கு இதுதான் காரணம்.

சரி, மலைப்பாதை, காட்டுப்பாதையில எல்லாம் 1-க்கு 12 எப்படி சாத்தியம்? அங்க அமெரிக்காவுல மத்திய அரசு நிலங்களுக்கு 2013-ல வந்த விதிகள் கொஞ்சம் புத்திசாலித்தனமா யோசிச்சிருக்கு. 5 சதவீத சரிவு, அதாவது 1-க்கு 20 வரைக்கும் எவ்ளோ தூரம் வேணா போகலாம், 8.33 சதவீதம், அதாவது 1-க்கு 12-ன்னா 200 அடிக்கு மேல தொடரக்கூடாது, 10 சதவீதம்னா 30 அடி, 12 சதவீதம்னா வெறும் 10 அடி, ஒவ்வொண்ணுக்கும் முடிவுல இளைப்பாற ஒரு சமதளம். செங்குத்தா இருந்தாலும் சின்னதா இருந்தா ஒரு மூச்சுல ஏறிடலாங்கிறதுதான் இதுல இருக்கிற எண்ணம். அந்த விதிகள்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது வேற ஒண்ணு, பாதை ஆரம்பிக்கிற இடத்துல வைக்கிற போர்டுல பாதையோட நீளம், தரை எதால ஆனது, வழக்கமா எவ்ளோ அகலம், ரொம்ப குறுகலான இடம் எவ்ளோ, அதிகபட்ச சரிவு எவ்ளோ, இதெல்லாம் எண்ணா எழுதணும். "இது உங்களுக்கு ஒத்து வரும்"னு யாரோ முடிவு பண்ணி சொல்ற வேலையே வேணாம். மோட்டார் வீல்சேர் வெச்சிருக்கவருக்கு 10 சதவீதம் ஒண்ணுமே இல்ல, ஊன்றுகோல்ல நடக்கறவருக்கு சரிவ விட தூரம்தான் எதிரி, அவங்கவங்க பாத்து முடிவு பண்ணிக்குவாங்க.

முன்னாடி போற சரிவ எல்லாரும் கவனிப்பாங்க, பக்கவாட்டு சரிவ யாரும் கவனிக்க மாட்டாங்க. வீல்சேர்ல உக்காந்தா உடம்போட எடை மையம் பெரிய சக்கரத்தோட அச்சுக்கு கொஞ்சம் முன்னாடி விழும், முன்னாடி இருக்கிற சின்ன சக்கரங்கள் எந்தப் பக்கமும் சுத்தக்கூடியது, அதனால தரை ஒரு பக்கமா சாஞ்சிருந்தா வண்டியோட மூக்கு தானா பள்ளத்துப் பக்கம் திரும்பும். நேரா போகணும்னா ஒரு கை தள்ளணும், இன்னொரு கை கிட்டத்தட்ட பிரேக் போடணும், அப்படியே அரை கிலோமீட்டர் போய்ப் பாருங்க. அதுக்காக தரைய சுத்தமா மட்டமா போடவும் முடியாது, மழைத் தண்ணி தேங்கி பாசி பிடிச்சிடும். அதனால மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சாய்வுங்கிறது சமரசம், தண்ணியும் ஓடும், வண்டியும் ரொம்ப திரும்பாது.

இப்ப அந்தக் கூழாங்கல்லுக்கு வருவோம். சிமெண்ட் தரையில சக்கரம் கிட்டத்தட்ட சும்மா உருளும். மணல்லயோ சரளையிலயோ அது உள்ள இறங்குது, இறங்குனதும் தனக்கு முன்னாடி ஒரு சின்ன மேடு உருவாகுது, அந்த மேட்ட ஏற ஏற புதுசா இன்னொரு மேடு, அதாவது சமதரையில கூட முடிவே இல்லாத ஏத்தம். முன்சக்கரம் சின்னது, தரையைத் தொடுற பரப்பும் சின்னது, அதனால அழுத்தம் அதிகமாகி அதுதான் மொதல்ல புதையும். கடற்கரைக்கு செய்யற வீல்சேர்ல பலூன் மாதிரி குண்டு டயர் போடுறது இதனாலதான், அதே எடை பெரிய பரப்புல பரவிடுது.

ஆனா கல்லுன்னாலே கெட்டதுன்னு இல்ல. ஆத்துல உருண்டு வந்த வழுவழு கூழாங்கல் ஒண்ணு மேல ஒண்ணு கோலிக்குண்டு போல நழுவும், எவ்ளோ உருட்டி அமுக்குனாலும் அடங்காது. மெஷின்ல உடைச்ச ஜல்லிக்கு முனை முனையா இருக்கும், அதோட உடைக்கும்போது வந்த தூளையும் சலிச்சு எடுக்காம அப்படியே கலந்து, தண்ணி தெளிச்சு ரோலர் போட்டா முனைகள் ஒண்ணோட ஒண்ணு பூட்டிக்கும், தூள் இடுக்கெல்லாம் அடைச்சுக்கும், பாக்க மண்பாதை மாதிரியே இருக்கும் ஆனா வீல்சேர் ஓடும். இதுக்கு டெஸ்ட் கூட இருக்கு. வீல்சேர் முன்சக்கரம் போல ஒரு சின்ன சக்கரத்த ஸ்பிரிங் வெச்சு தரையில அமுக்கி எவ்ளோ இறங்குதுன்னு அளக்கறாங்க, இந்த அளவுக்குப் பேரு தரையோட "உறுதி". அப்புறம் அதே இடத்துல அந்த சக்கரத்த இடமும் வலமும் திருகி இன்னும் எவ்ளோ இறங்குதுன்னு பாக்குறாங்க, இதுக்குப் பேரு "நிலைப்பு". நேரா போகும்போது தாங்குற தரை திரும்பும்போது காலை வாரிவிடலாம், அதனாலதான் ரெண்டு அளவு.

மரவேர் தூக்கிவிட்ட ஸ்லாப் விளிம்பு, வடிகால் மேல போட்ட கம்பி மூடி இதெல்லாம் இதே கதைதான். செங்குத்தான விளிம்பு 6 மில்லிமீட்டருக்கு மேல போகக்கூடாதுன்னு விதி, கேக்க சிரிப்பா இருக்கும், ஆனா சின்ன சக்கரம் அதுல முட்டி டக்குன்னு நின்னா மேல உக்காந்திருக்கறவர் முன்னாடி தூக்கி எறியப்படுவார். கம்பி மூடியில இடைவெளி 13 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும், நீள ஓட்டைன்னா நடக்கிற திசைக்கு குறுக்காதான் வைக்கணும். பைக் உள்ள வரக்கூடாதுன்னு வாசல்ல நெருக்கமா தூண் நட்டு வைப்பாங்க பாருங்க, பைக்காரன் எப்படியாவது வளைச்சு உள்ள போயிடுவான், வீல்சேர்தான் வெளிய நிக்கும். 90 சென்டிமீட்டராவது இடைவெளி விடுங்கப்பா.

இதுல நெஜமாவே சிக்கலான இடம் குழந்தைங்க விளையாடுற பகுதி. மேல இருந்து விழுற குழந்தைக்கு தரை மெத்துனு இருக்கணும், ஏன்னா தலை நிக்கறதுக்கு கொஞ்சம் கூடுதல் தூரம் கிடைச்சா அதுல விழுற விசை அந்தளவுக்கு குறையும். வீல்சேர்ல வர்ற குழந்தைக்கு அதே தரை கெட்டியா இருக்கணும். அமெரிக்க தர அமைப்பு ஒண்ணு ரெண்டுக்கும் தனித்தனி சோதனை வெச்சிருக்கு. ஒண்ணுல அரைக்கோள வடிவ உலோகத் தலைய மேல இருந்து போட்டு அதிர்ச்சிய அளக்கறாங்க, அது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 200 மடங்கத் தாண்டக்கூடாது. இன்னொண்ணுல வீல்சேர்ல ஒருத்தர் அந்தத் தரையில நேராவும் திரும்பியும் போறார், அவர் கை செய்யற வேலைய அளந்து, 1-க்கு 14 சரிவு ஏற ஆகுற வேலைய விட அது குறைவான்னு பாக்குறாங்க. மணல் முதல் பரீட்சையில பாஸ், ரெண்டாவதுல பெயில். சிமெண்ட் நேர் எதிர்.

ரெண்டுலயும் தேறுறது ரெண்டு அடுக்கா ஊத்துற ரப்பர் தரை. கீழ பழைய டயர சீவி பசையில கலந்த தடிமனான தொளதொள அடுக்கு, மேல நுணுக்கமான ரப்பர் துகள்ல மெல்லிசான கெட்டி அடுக்கு. சக்கரத்தோட பாரத்த மேல் அடுக்கு பரப்பி தாங்கிக்கும், விழுற வேகத்தோட வர்ற அடி மட்டும் அதையும் தாண்டி கீழ் அடுக்க அமுக்கும். விலை ஜாஸ்தி, வெயில்ல வெறுங்கால் சுடும், அதனால நிழல் இல்லாம இத போடுறது அரைகுறை வேலைதான். இதைவிட மலிவா நீள நாரா சீவுன மரச்சீவல் போடுவாங்க, நார்கள் பின்னிக்கிட்டு வீல்சேர தாங்கும், ஆனா ஊஞ்சலுக்கு கீழயும் சறுக்குமரம் முடியற இடத்துலயும் கால் பட்டு பட்டு குழியாகும், அடிக்கடி நிரப்பி சமப்படுத்தணும். ஒருதடவை போட்டுட்டு மறந்துட்டா ரெண்டு பேருக்குமே உதவாது.

பார்வையில்லாதவங்க விஷயத்துல இன்னொரு மோதல் வரும். வீல்சேருக்கு விளிம்பே இல்லாத தரை வேணும், வெள்ளைக்கோல் பிடிச்சு நடக்கறவங்களுக்கு பாதை எங்க முடியுதுன்னு கோல்ல தட்டுப்பட ஒரு விளிம்பு வேணும். ஜப்பான்ல சேயிச்சி மியாகே 1965-ல கால்லயும் கோல்லயும் தட்டுப்படுற மாதிரி மேடுபோட்ட தரைக்கற்கள உருவாக்கினார், 1967-ல ஒகயாமா நகரத்துல முதல்முறையா பதிச்சாங்க. இப்ப இந்த மாதிரி கற்கள்ல மேடு கோடா இருந்தா போலாம், புள்ளியா இருந்தா நில்லுங்கன்னு அர்த்தம். ஆனா பார்க் முழுக்க இத பதிச்சா வீல்சேர்ல போறவருக்கு உடம்பெல்லாம் அதிரும், தண்டுவடம் அடிபட்ட சிலருக்கு அந்த அதிர்வே தசை இழுப்ப கிளப்பிவிடும். அதனால பார்க்குக்குள்ள பாதையோரத்துல ஒரு சின்ன வரப்பு, இல்ல கெட்டித் தரை முடிஞ்சு புல் ஆரம்பிக்கிற அந்த மாற்றமே போதும், புள்ளிக்கல்ல படிக்கட்டு முன்னாடி, ரோடு சேர்ற இடத்துல மட்டும் வைக்கலாம். கோல் தரையத்தான் தடவும், அதனால முழங்காலுக்கு மேல நீட்டிட்டு இருக்கிற போர்டும் தொங்குற கிளையும் அதுக்குத் தெரியாது, நேரா முகத்துலதான் படும். தலைக்கு மேல ரெண்டு மீட்டருக்கு எதுவும் தொங்காம வெட்டி விடணும்.

வெயில் பத்தி யாரும் பேசறதே இல்ல. கழுத்துப் பகுதியிலயோ மார்புக்கு மேல்பகுதியிலயோ தண்டுவடம் அடிபட்டவங்களுக்கு அடிபட்ட இடத்துக்கு கீழ வியர்க்காது, ஏன்னா வியர்வைச் சுரப்பிக்கு மூளையில இருந்து போற நரம்பு வழி அறுந்திருக்கு. உடம்பு சூட்ட வெளியேத்த முடியாம கிடுகிடுன்னு ஏறும். நமக்கு சும்மா வசதியா இருக்கிற நிழலும் குடிநீரும் அவங்களுக்கு பாதுகாப்பு சாதனம். பெஞ்ச் பக்கத்துல 90-க்கு 120 சென்டிமீட்டர் காலி இடம் விட்டா வீல்சேர் கூட வந்தவங்க பக்கத்துலயே நிக்கும், அந்த இடமும் நிழலுக்குள்ள இருக்கணும், வெயில்ல நின்னா சக்கரத்தோட கைவளையம் தொட முடியாம சுடும்.

உடம்ப குளிர வைக்க தண்ணி விளையாட்டு நல்ல வழிதான், ஆனா மோட்டார் வீல்சேர்ல பேட்டரியும் எலக்ட்ரானிக்ஸும் இருக்கே. அமெரிக்காவுல சான் அன்டோனியோவுல 2017-ல திறந்த மார்கன்ஸ் இன்ஸ்பிரேஷன் ஐலண்டுங்கிற தண்ணீர் பூங்காவுக்காக பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தோட சேர்ந்து பேட்டரியே இல்லாத ஒரு வீல்சேர் செஞ்சாங்க. சிலிண்டர்ல அடைச்ச அழுத்தக் காத்து வெளிய வரும்போது காத்து மோட்டார சுத்த வைக்குது, மின்சாரம் எங்கயும் இல்ல, அதனால தண்ணிக்கு நடுவுல ஓட்டலாம். சார்ஜ் ஏற மணிக்கணக்கா காத்திருக்க வேண்டியதும் இல்ல, காத்து நிரப்ப சுமார் 10 நிமிஷம் ஆகும்.