எதிர்பாராதது நடந்தால் மூளை என்ன செய்கிறது?

மாடிப்படி இறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைக்கிறோம். படி இல்லை, தரை. தூக்கிவாரிப் போடுகிறது. விழவில்லை, அடியும் படவில்லை. அப்புறம் ஏன் அந்தப் பதற்றம்? கால் எங்கே, எப்போது படும் என்று மூளை முன்பே போட்டு வைத்திருந்த கணக்கு தப்பிவிட்டது.

எந்நேரமும் மூளை இப்படி ஊகித்துக்கொண்டே இருக்கிறது. ஊகம் பலித்தால் கண்டுகொள்வதில்லை. தப்பினால்தான் அதற்குச் சேதி.

இதை நரம்பணுக்களிலேயே பார்த்தவர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர். குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் அணுக்களை அவர் கவனித்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கிடைத்ததும் அவை படபடவெனத் துடித்தன. சாறு வருமுன் விளக்கு எரியும் என்று பழகிய பிறகு, விளக்கைப் பார்த்ததுமே துடித்தன. சாறு வந்தபோது அலட்டிக்கொள்ளவில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், அது வந்திருக்க வேண்டிய அதே நொடியில் துடிப்பு அடங்கிப்போனது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அந்த அணுக்கள் சொல்லிக்கொண்டிருந்தன. 1997-ல் பீட்டர் டயன், ரீட் மாண்டேகு ஆகிய ஆய்வாளர்களுடன் சேர்ந்து அவர் இதை விளக்கினார். கணினியை அனுபவத்தால் கற்கவைக்கும் ஒரு முறையிலும் இதே கணக்குதான். எனக்கு இது இன்னும் வியப்புதான்.

சரி, திடுக்கிட்டதும் உடம்பே உஷாராகிவிடுகிறதே, எப்படி? மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்ற சின்னஞ்சிறு பகுதி நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளை மூளை முழுக்க அனுப்புகிறது. கண்மணி விரிகிறது, கவனம் கூர்மையாகிறது. நல்ல சேதிக்கும் கெட்ட சேதிக்கும் கண்மணி விரியத்தான் செய்யும். இது பயமா உற்சாகமா என்று பெயர் வைப்பதில் நமக்கும் கொஞ்சம் பங்குண்டு. ஆலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், பேசத் தொடங்குமுன் ‘நான் நிதானமாக இருக்கிறேன்’ என்று சொன்னவர்களைவிட ‘உற்சாகமாக இருக்கிறேன்’ என்று சொன்னவர்கள் நன்றாகப் பேசினார்கள். படபடப்பை அடக்குவது கடினம், அதன் பெயரை மாற்றுவது எளிது.

ஆனால் எல்லாவற்றையும் நல்லதாகவே பார் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நம் கையில் இல்லாத நெருக்கடிகளில், பார்வையை மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது என்கிறது 2013-ல் வந்த ஓர் ஆய்வு. நம்மால் சரிசெய்யக்கூடிய நெருக்கடிகளிலோ அதே திறமை உள்ளவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாக இருந்தது. கணக்கு தப்பிவிட்டது என்ற சேதி அங்கே ஏதாவது செய்யச் சொல்லித்தான் வருகிறது.