யோசனைப் பெட்டிக்கு யார் பதில் சொல்வது?

மொரிஷியசின் தெற்கே ஒரு சர்க்கரை ஆலை. கூப் எனப்படும் கரும்பு வெட்டிப் பிழியும் பருவம் முடிந்து, இயந்திரங்களைப் பிரித்துப்போட்டுப் பழுதுபார்க்கும் மாதங்கள். நிறுவனங்களில் புது முயற்சிகளுக்கு ஒழுங்குமுறை அமைத்துத் தருவது என் தொழில், அதற்காக அழைத்திருந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு தகரப் பெட்டி தொங்கியது. யோசனைப் பெட்டி. சாவியைத் தேடவே அரை மணி நேரம் ஆயிற்று.

உள்ளே பதினோரு தாள்கள். ஒன்றில் பேனாவால் வரைந்த படம். கொதிகலனுக்குக் கரும்புச் சக்கை கொண்டுபோகும் பெல்ட்டில் ஈரச் சக்கை ஒட்டி அடைத்துக்கொள்ளும். அந்த இடத்தில் பழைய ரப்பரை வெட்டி ஒரு சுரண்டி பொருத்தலாம் என்று அளவோடு வரைந்திருந்தார் ஒருவர். தேதியைப் பார்த்தேன். நாலு வருடம் ஆகியிருந்தது.

ஆளைத் தேடிப் போனேன். தீவில் எல்லோரும் பேசும் கிரியோல் மொழியில்தான் பேசினார், ‘தம்பி’ மட்டும் தமிழ். “போட்டேன் தம்பி. யாரும் ஒண்ணும் சொல்லல. அப்புறம் போடுறதையே விட்டுட்டேன்.”

அவர் விட்டுவிட்டதுதான் அந்த ஆலைக்குப் பெரிய நஷ்டம். சுரண்டியை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

இந்தத் தீவின் சர்க்கரைத் தொழிலுக்கு மாறத் தெரியாமல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் சர்க்கரை விலையை 36 சதவீதம் குறைத்து, 2009-இல் அதோடு இருந்த பழைய சர்க்கரை ஒப்பந்தமும் முடிந்தபோது, ஆலைகள் ஒன்றோடொன்று இணைந்தன. வெள்ளைச் சர்க்கரை, சிறப்புச் சர்க்கரை வகைகள், சக்கையிலிருந்து மின்சாரம் என்று பிழைத்துக்கொண்டன. கழுத்துக்குக் கத்தி வந்ததும் மேலிடத்தில் முடிவு பிறந்தது. கத்தி இல்லாத சாதாரண நாளில் கீழிருந்து வரும் தாளை யார் படிப்பது என்பதற்குத்தான் பல நிறுவனங்களில் விடையில்லை.

கனடாவைச் சேர்ந்த ராபர்ட் கூப்பர் 1980-களில் வகுத்த ‘ஸ்டேஜ்-கேட்’ முறையைப் பெரிய நிறுவனங்கள் பலவும் கையாள்கின்றன. வேலையைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு வாசல் வைப்பது. வாசலில் தொடரலாமா, நிறுத்தலாமா, திருப்பி அனுப்பலாமா என்று முடிவாக வேண்டும். முறை நல்லதுதான். நான் பார்த்த இடங்களில் வாசலில் உட்கார்ந்தவர்கள் கையில் பணம் இருக்காது. ‘இது வேண்டாம்’ என்று சொல்லும் துணிவும் இருக்காது. எல்லாம் உள்ளே போகும், எதுவும் முடியாது.

இன்னொரு தவறு, எல்லாவற்றையும் ஒரே வாசலில் நிறுத்துவது. ஒரு புதுக் கரும்பு ரகம் வயலுக்கு வரப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகும். ரப்பர் சுரண்டிக்கு ஒரு மதியம் போதும். இரண்டுக்கும் ஒரே படிவம், ஒரே குழு என்றால் சின்னது காத்துக் காத்துச் செத்துப்போகும்; பெரியதை அவசரப்படுத்திக் கெடுத்துவிடுவார்கள்.

பெரியதற்குப் பொறுமை வேண்டும் என்பதற்கு 3எம் நிறுவனத்தைப் பாருங்கள். அங்கே ஸ்பென்சர் சில்வர், ஒட்டினாலும் எளிதில் பிரிந்துவரும் ஒரு லேசான பசையைக் கண்டது 1968-இல். அதற்கு ஆர்ட் ஃப்ரை பயன் கண்டுபிடித்தது 1974-இல். ஒட்டி எடுக்கும் குறிப்புத் தாளான போஸ்ட்-இட்டாக அமெரிக்கா முழுதும் கடைக்கு வந்தது 1980-இல். வேலைநேரத்தில் 15 சதவீதத்தைச் சொந்த முயற்சிக்குச் செலவிடலாம் என்ற வழக்கம் அங்கே இருந்தது. கோடாக்கில் ஸ்டீவ் சாசன் 1975-லேயே டிஜிட்டல் கேமரா செய்துவிட்டார். ஃபிலிம் விற்றுச் சம்பாதிக்கிறவர்கள் கையிலேயே அதன் விதியும் இருந்தது; 2012-இல் நிறுவனம் திவால் மனு போட்டது. ஆகவே பெரிய முயற்சிக்கான பணத்தை அன்றாட விற்பனைப் பிரிவின் கணக்கில் சேர்க்காதீர்கள் என்று போகுமிடமெல்லாம் சொல்கிறேன்.

அந்த ஆலையில் முதலில் செய்தது மிகச் சின்ன ஏற்பாடு. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பலகை. வந்த யோசனை, பதில் சொல்ல வேண்டியவர் பெயர், பதினான்கு நாள் கெடு. சின்னச் செலவுக்குப் பிரிவு மேலாளரே கையெழுத்துப் போடலாம். ‘முடியாது’ என்றால் காரணம் எழுத வேண்டும்.

சுரண்டியைப் பொருத்தினோம். அடுத்த கூப்பில் அது பாதிதான் வேலை செய்தது, ஒரு ஓரம் சீக்கிரம் தேய்ந்தது. அந்தக் கூப்பிலேயே அவர் வேறு படம் வரைந்து போட்டார். பொறியாளர் ‘முடியாது’ என்று காரணத்தோடு எழுதினார். மறுநாள் காலை அவர் பலகை முன்னால் நின்று, அந்தக் காரணம் தப்பு என்று பொறியாளரிடம் கையை ஆட்டி ஆட்டி வாதாடிக்கொண்டிருந்தார்.