யூரின் டெஸ்ட் நார்மல் என்றால் புராஸ்டேட் புற்றுநோய் இல்லையா?

உசிலம்பட்டி, மேலூர் பக்கமிருந்து வரும் பெரியவர்கள் பலர் கையில் ஒரு லேப் சீட்டு இருக்கும். சர்க்கரை இல்லை, ஆல்புமின் இல்லை, சீழ் அணுக்கள் இரண்டு மூன்று. "யூரின்ல ஒண்ணுமில்லைன்னுட்டாங்க டாக்டரய்யா, அப்புறம் எதுக்கு ரத்தம் எடுக்கணும்?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், அந்தச் சோதனை தேடுவது கிருமித் தொற்று, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு போன்றவற்றை. ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் உண்டா இல்லையா என்பது அதில் தெரியவே தெரியாது.

புற்றுநோய்க்கான சிறுநீர்ச் சோதனை வேறு. மருத்துவர் ஆசனவாய் வழியாக விரலால் புராஸ்டேட்டை அழுத்திவிட்ட பிறகு, முதலில் வரும் சிறுநீரைப் பிடிப்பார்கள். சுரப்பியிலிருந்து உதிர்ந்த அணுக்கள் அதில் கலந்திருக்கும். பி.சி.ஏ.3 என்ற மரபணுவின் ஆர்.என்.ஏ. (மரபணு வேலை செய்யும்போது உண்டாகும் நகல்) அதில் எவ்வளவு என்று அளப்பார்கள்; புற்றணுக்களில் அது பல மடங்கு கூடுதலாக இருக்கும். 2012இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு அனுமதி கொடுத்தது. யாருக்கு? ஏற்கெனவே திசுச் சோதனை செய்து, புற்றுநோய் இல்லை என்று வந்தும் சந்தேகம் தீராத, 50 வயது கடந்த ஆண்களுக்கு. மறுபடியும் ஊசி குத்தித் திசு எடுக்க வேண்டுமா என்று முடிவெடுக்க உதவும், அவ்வளவே. எல்லோருக்கும் முதல் சோதனையாக இதை நான் சொல்வதில்லை.

முதலில் வேண்டியது, புராஸ்டேட் சுரக்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதம் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்க்கும் சோதனையும் விரல் பரிசோதனையும். விரல் பரிசோதனை என்றதுமே பலர் வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். கூட மகளோ மருமகளோ வந்திருந்தால் கூச்சம் இன்னும் அதிகம். ஐயா, அவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத்தான் பார்ப்போம். ஒரு நிமிடம்கூட ஆகாது. பி.எஸ்.ஏ. அளவு சரியாக இருந்தும் விரலில் கெட்டியான கட்டி தட்டுப்படுவது உண்டு. அதனால்தான் வற்புறுத்துகிறேன்.

"ஒன்னுக்கு நல்லாத்தான் போகுது" என்பதையும் நம்பியிருக்க முடியாது. வயதானவர்களுக்குப் புராஸ்டேட்டில் வரும், புற்றுநோயல்லாத சாதாரண சதை வளர்ச்சி, சிறுநீர்க் குழாயை ஒட்டிய உட்பகுதியில் வளர்ந்து குழாயை நெருக்கும். புற்றுநோய் பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்பகுதியில் தொடங்குவதால் வெகுநாள் தொந்தரவே தராது. இடுப்பு வலி, முதுகு வலி என்று வயக்காட்டு வேலையின் மேல் பழியைப் போட்டுத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு, எலும்புக்குப் பரவிய பின் வருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் கனத்துப்போகிறது.

50 வயதானால் பி.எஸ்.ஏ. பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் வந்திருந்தால் 45லேயே கேளுங்கள். பி.எஸ்.ஏ. அளவு 4க்கு மேல் வந்தாலே புற்றுநோய் என்று பதற வேண்டாம். சதை வளர்ச்சியிலும் கிருமித் தொற்றிலும்கூட அளவு ஏறும். தொற்று இருந்தால் அதைக் குணப்படுத்தி, ஆறு வாரம் விட்டுத் திரும்பப் பார்ப்போம். சதை வளர்ச்சிக்காக ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு மாத்திரைகளை மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி.எஸ்.ஏ. பாதியாகக் குறைந்து காட்டும், 2.5 என்று வந்தால் 5 என்றே நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே வரும்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.