நான்காம் உட்பிரிவு அடுத்த பக்கத்தில் இருந்தது

மாதத்தில் இரண்டு புதன்கிழமை மாலைகளில், எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் இலவசச் சட்ட ஆலோசனைக்காக உட்காருகிறேன். ஆளுக்கு இருபது நிமிடம். மணமுறிவு, உயில், கடன், மேல்வீட்டிலிருந்து ஒழுகும் தண்ணீர் என்று பெரும்பாலும் வழக்கமான வரிசைதான். தைப்பூசம் முடிந்த இரண்டு மூன்று வாரங்களுக்கு மட்டும் கேள்விகளின் நிறம் மாறிவிடும். (இங்கே வரும் ஆட்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன், கேள்விகளை மாற்றவில்லை.)

ஐம்பதைக் கடந்த ஒருவர் வந்தார். வேலையிலிருந்து நேராக வந்த சீருடை, நெற்றியில் திருநீறு, கையில் பிளாஸ்டிக் கோப்பு. கோப்புக்குள் ஒரே ஒரு தாள்: சிங்கப்பூர் அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. யாரோ அச்செடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தம் சமயத்தை ஏற்றுச் சொல்லவும், அதன்படி நடக்கவும், அதைப் பரப்பவும் உரிமை உண்டு என்கிற முதல் உட்பிரிவில் மஞ்சள் மை அழுத்தமாகத் தீட்டப்பட்டிருந்தது.

நடந்தது இதுதான். அக்காள் மகன் காவடி எடுத்தான். சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நடை. பாதி வழியில் பையனுக்குக் கால் தளர்ந்தது. மாமா துணிப்பையிலிருந்து உறுமி மேளத்தை எடுத்து இழுத்தார். தொண்டூழியர் ஒருவர் ஓடிவந்து நிறுத்தச் சொன்னார்.

"உறுமிச் சத்தம் கேட்டால்தான் தம்பி அவனுக்குக் கால் எழும்பும். இது சமயம் இல்லையா? இதோ, சட்டமே சொல்கிறது."

தாளைத் திருப்பிப் பார்த்தேன். மூன்றாம் உட்பிரிவோடு பக்கம் முடிந்திருந்தது. நான்காவது அடுத்த பக்கத்தில் இருந்திருக்க வேண்டும், அதை அச்செடுக்கவில்லை. பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கம் தொடர்பான பொதுச் சட்டங்களுக்கு முரணான எந்தச் செயலுக்கும் இந்தப் பிரிவு அதிகாரம் அளிக்காது என்பது அதன் சாரம். சிங்கப்பூரில் சமய உரிமை பற்றிய வழக்குகளில் பெரும்பாலும் வாதம் வந்து நிற்கும் இடம் அதுதான்.

உறுமியின் கதைக்கு ஒரு முன்கதை உண்டு. 1964 ஜூலை 21இல் நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மூண்ட கலவரத்தில் 23 பேர் இறந்தார்கள். செப்டம்பரில் மீண்டும் ஒன்று. அதன்பின் நடந்து செல்லும் சமய ஊர்வலங்களுக்குப் பொதுவாகத் தடை. இந்துக்களின் தைப்பூசம், பங்குனி உத்திரம், தீமிதி ஆகிய மூன்றுக்கு மட்டும் விலக்கு. இதைச் சொன்னால் நம்மவர்களில் பாதிப்பேர் வியப்பார்கள். 'நம்மைத்தான் கட்டிப்போடுகிறார்கள்' என்று நினைத்து வருகிறவரிடம், 'மற்றச் சமயத்தவருக்குப் பொதுவாக இல்லாத ஒன்று நமக்கு இருக்கிறது' என்று சொல்ல வேண்டியிருக்கிறது. தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவி வாசிப்பதற்கான கட்டுப்பாடு அதற்குப் பிறகு, 1973இல் வந்தது. போட்டிக் குழுக்களுக்கு இடையே சண்டை மூண்டு ஊர்வலம் தடைப்பட்டதே அதிகாரிகள் சொல்லும் காரணம்.

இது நீதிமன்றமும் ஏறியது. இந்துக்கள் மூவர் அந்தக் கட்டுப்பாட்டை மறுஆய்வு செய்யக் கேட்டார்கள். 2015இல் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. கவனியுங்கள்: அரசு முடிவை எதிர்க்க நேரே வழக்குப் போட முடியாது. வழக்குத் தொடர அனுமதி தாருங்கள் என்று முதலில் கேட்க வேண்டும். அந்த வாசலிலேயே அது முடிந்தது. மாமா கேட்ட அடுத்த கேள்வி எல்லாரும் கேட்பது: "சிங்கே ஊர்வலத்தில் மட்டும் மேளம் அடிக்கலாமா?" சிங்கே என்பது சீனப் புத்தாண்டையொட்டி நடக்கும் தெரு அணிவகுப்பு. சமய ஊர்வலத்தையும் சமயம் சாராத கொண்டாட்டத்தையும் ஒரே தட்டில் வைப்பதில்லை என்பது அரசின் நிலைப்பாடு. எனக்கு அந்தப் பிரிப்பு முழுத் திருப்தி தருவதில்லை. தெருவில் நிற்கிறவன் காதுக்கு மேளம் மேளம்தான். ஆனால் என் திருப்தியை வைத்துக்கொண்டு உங்களை நீதிமன்றச் செலவில் இறக்கிவிட முடியாது.

அந்த வழக்கு முடிந்த சில மாதங்களில் ஒன்று நடந்தது. 2016 தைப்பூசத்தில் பாதையோரம் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு இடம் கிடைத்தது. பின்னர் தளர்வுகள் இன்னும் கூடின. மனுவைத் தள்ளிய தீர்ப்பு தராததை, மேசையைச் சுற்றி உட்கார்ந்த பேச்சு தந்தது. இது நல்ல முறையா என்று என்னைக் கேட்டால், இரண்டு மனதாகத்தான் பதில் சொல்வேன். பேசிப் பெற்றதைப் பேசியே குறைக்கவும் முடியும். ஆனாலும் இந்த ஊரில் சமயம் பொதுவெளியில் எவ்வளவு இடம் எடுத்துக்கொள்ளலாம் என்பது பெரும்பாலும் அனுமதிக் கடிதத்தில் உள்ள நிபந்தனைகளில்தான் தீர்மானமாகிறது. உரிமை பற்றிப் பேச வருகிறவர் முதலில் படிக்க வேண்டியது அந்த நிபந்தனைகளை.

அடுத்த வகைக் கேள்வி வேலையிடத்திலிருந்து வருவது. ஒரு கடையில் விற்பனை வேலை பார்க்கும் தங்கை ஒருவர், பொட்டு வைத்துக்கொண்டு வரக்கூடாது என்று மேலாளர் சொல்லிவிட்டார் என்று அழுதுகொண்டே வந்தார். அவர் கைத்தொலைபேசியிலும் அதே 15ஆம் பிரிவு. நான் சொன்ன பதில் அவருக்குப் பிடிக்கவில்லை: அரசியலமைப்புச் சட்டம் அரசைப் பார்த்துப் பேசுகிறது, உங்கள் மேலாளரைப் பார்த்துப் பேசவில்லை. 12ஆம் பிரிவு சமயத்தின் பேரால் பாகுபாடு கூடாது என்கிறது. ஆனால் அதுவும் சட்டங்களையும் அரசுப் பதவிகளையும் போன்றவற்றைப் பற்றியது. தனியார் கடையின் பொட்டு விதி அதற்குள் வராது.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது, வேறு கதவில். வேலையிட நியாயச் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அது பாதுகாக்கும் அடையாளங்களில் சமயமும் ஒன்று. நடைமுறைக்கு வரும்போது தொடக்கத்தில் 25 ஊழியர்களுக்கும் குறைவான நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். நம்மவர்களில் பலர் வேலை பார்ப்பது அப்படிப்பட்ட சின்னக் கடைகளில்தான். அதற்கு முன்பும், வேலையிட நியாயத்துக்காக அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கமும் சேர்ந்து நடத்தும் முத்தரப்புக் கூட்டணியிடம் முறையிடலாம். நானும் அந்தத் தங்கையும் சேர்ந்து மேலாளருக்குப் பத்து வரியில் மின்னஞ்சல் எழுதினோம்: இந்த விதி எழுத்தில் எங்கே இருக்கிறது, எல்லாருக்கும் பொதுவா, காரணம் என்ன? மூன்று கேள்விகள், அவ்வளவுதான். எழுத்தில் அப்படி ஒரு விதியே இல்லை என்று தெரியவந்தது. இப்போது பொட்டோடு வேலைக்குப் போகிறார்.

தைப்பூசத்துக்கு விடுப்புத் தர மறுக்கிறார்கள் என்ற புகாரும் வரும். அது பொது விடுமுறையாக இருந்த காலம் உண்டு. 1968இல் விடுமுறைகளைக் குறைத்தபோது ஒவ்வொரு சமயத்தாரும் சிலவற்றை விட்டுக்கொடுத்தார்கள். இந்துக்கள் தீபாவளியைத் தேர்ந்தெடுத்தார்கள், தைப்பூசம் போயிற்று. ஆகவே ஆண்டு விடுப்பில்தான் எடுக்க வேண்டும். தீபாவளி முடிந்ததுமே விண்ணப்பித்துவிடுங்கள். இதற்கு வழக்கறிஞர் தேவையில்லை.

எதிரே நிற்பது அரசாகவே இருந்தால் வெற்றி நிச்சயமா என்றால், அதுவும் இல்லை. தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் ஆசிரியராக இருந்த ஒருவர் தம் சமய நம்பிக்கையைக் காரணம் காட்டித் தேசிய கீதம் பாடவும் பற்றுறுதி எடுக்கவும் மறுத்தார், வேலை போனது. 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கடவுள் மீதோ இயற்கைக்கு அப்பாற்பட்ட ஒன்றின் மீதோ வைக்கும் நம்பிக்கைதான் 15ஆம் பிரிவு சொல்லும் சமயம். நாட்டுக்கு உறுதி சொல்வது சமயச் செயல் ஆகாது என்பது அதன் போக்கு. தன் மனத்தில் எது சமயம் என்பதை அந்த ஆசிரியரே முடிவு செய்ய முடியவில்லை. வரையறை நீதிபதி கையில் இருந்தது.

இந்த இடத்தில் ஓர் எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். இந்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை யூடியூபில் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. 'மதச்சார்பற்ற நாடு என்று அரசியலமைப்பிலேயே இருக்கிறதே!' என்கிறார்கள். இந்தியாவின் முகவுரையில் இருக்கிறது, 1976இல் சேர்த்தார்கள். சிங்கப்பூர் அரசியலமைப்பில் அந்தச் சொல்லே கிடையாது. தலைமை நீதிபதி வீ சொங் ஜின் தலைமையிலான 1966ஆம் ஆண்டு ஆணையம் சிங்கப்பூரைச் சமயச் சார்பற்ற மக்களாட்சி நாடு என்று தன் அறிக்கையில் வருணித்தது; சட்டத்தின் வாசகத்தில் அது ஏறவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜொகூரிலோ நிலைமை வேறு. அங்கே இஸ்லாம் கூட்டரசின் சமயம். முஸ்லிம்களிடையே பிற சமயங்களைப் பரப்புவதைக் கட்டுப்படுத்தவும் அரசியலமைப்பு இடம் தருகிறது. மூன்று நாட்டுச் சட்டங்களும் ஒரே குடும்பம்தான். அதற்காகப் பெரியப்பா வீட்டுச் சாவி நம் வீட்டுப் பூட்டைத் திறக்காது.

கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்கள் இனி வருவதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. ஆனால் ஆலோசனை கேட்டு வருகிறவர்கள் மிகக் குறைவு. சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1990இல் நிறைவேறி 1992இல் நடைமுறைக்கு வந்தது. 2019இல் பெரிய திருத்தம். அது 2022 நவம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. சமய அமைப்பின் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் குடிமக்களாகவோ நிரந்தரவாசிகளாகவோ இருக்க வேண்டும். நிர்வாகக் குழுவில் பெரும்பான்மையினர் குடிமக்களாக இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து ஒரே தடவையில் 10,000 வெள்ளியோ அதற்கு மேலோ நன்கொடை வந்தால் தெரிவிக்க வேண்டும். விலக்குகள் உண்டு, ஆனால் கேட்டுப் பெற வேண்டும். ஊரிலிருந்து புதிதாக வந்த ஆர்வமுள்ள இளைஞர் ஒருவரைப் பொருளாளர் ஆக்கிவிட்டு, ஆண்டுக் கூட்டம் முடிந்து ஆறு மாதம் கழித்து ஒரு செயலாளர் என்னைக் கூப்பிட்டார். அந்த இளைஞரின் கையில் வேலை அனுமதி அட்டை மட்டுமே இருந்தது.

வெளிநாட்டுப் பேச்சாளரை அழைக்கும்போதும் இதே கவனம் வேண்டும். சமயச் சொற்பொழிவுக்கு மனிதவள அமைச்சின் அனுமதி தேவை. அனுமதி வந்தபின்னும், மேடையில் அவர் என்ன பேசுவார் என்று அழைத்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2017இல் இந்தியாவிலிருந்து வந்து இங்கே பணியாற்றிய இமாம் ஒருவர், தொழுகையின்போது யூதர்களையும் கிறிஸ்தவர்களையும் பற்றிச் சொன்ன வாசகத்துக்காக 4,000 வெள்ளி அபராதம் கட்டி நாடு திரும்பினார். நம் மேடைகளில் பிற சமயத்தைக் கிண்டல் செய்து கைத்தட்டல் வாங்கும் பேச்சாளர்களைக் கேட்டிருக்கிறேன். கைத்தட்டும் கூட்டத்தில் யாரோ ஒருவர் பதிவு செய்துகொண்டிருப்பார்.

வாட்ஸ்அப்பும் அப்படியே. 'நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்' என்று ஒரு மூத்த அக்கா சொன்னார். அனுப்பியதும் ஒரு செயல். காவல்துறை கூப்பிட்டால் தகவலை அழிக்காதீர்கள். அழித்தது தனிக் கேள்வியாகி, முதல் கேள்வியைவிட மோசமான இடத்துக்கு உங்களைக் கொண்டுபோகும்.

சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டத்தில் ஒருவரைச் சமயம் பற்றிப் பேசாதே என்று தடுக்கும் ஆணை பிறப்பிக்க அமைச்சருக்கு அதிகாரம் உண்டு. 2019 திருத்தம் விவாதிக்கப்பட்ட காலம் வரை ஒருமுறைகூட அது பயன்படுத்தப்படவில்லை. அதைப் பெருமையாகச் சொல்வார்கள், பெருமைதான். ஆனால் சமய நல்லிணக்கத்துக்கான அதிபர் மன்றத்தின் பரிந்துரையும் அமைச்சரின் முடிவும் இறுதியானவை, நீதிமன்றத்தில் கேள்விக்கு உட்படுத்த முடியாதவை என்று அதே சட்டம் சொல்கிறது. வழக்கறிஞனாக எனக்கு உறுத்தும் வரி அது. உறையிலிருந்து எடுக்காத கத்தி என்றாலும் கூர் எப்படி என்று பார்க்க ஒரு நீதிபதிக்காவது இடம் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஒரு தகப்பனார் கேட்டதையும் சொல்லிவிடுகிறேன். பதினேழு வயது மகள் தேவாலயத்துக்குப் போகிறாள்; 18 வயதுக்கு உட்பட்டவரின் சமயத்தைப் பெற்றோர்தான் முடிவு செய்வார்கள் என்று 16ஆம் பிரிவில் இருக்கிறதே என்றார். இருக்கிறது. ஆனால் பிறர் சமயப் போதனையையும் வழிபாட்டையும் யார்மீதும் திணிக்கக்கூடாது என்கிற கல்வி தொடர்பான உட்பிரிவுக்காக எழுதப்பட்ட விதி அது. மகளை ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பூட்டிவைக்க அது உதவாது. பிறந்தநாள் எப்போது என்று கேட்டேன். ஐந்து மாதம் என்றார். அதுவரை அவளோடு பேசிக்கொண்டிருங்கள் என்று அனுப்பிவைத்தேன்.

உறுமி மாமா மறுபடியும் வந்தார். இந்த முறை நான்காம் உட்பிரிவையும் அச்செடுத்து, அதிலும் மஞ்சள் தீட்டியிருந்தார். வழக்கு வேண்டாம் என்று அவரே சொன்னார். நேரடி இசை இடங்களுக்கு நடுவே நீளும் அமைதியான தூரத்தில் காவடிக்காரர்கள் தளர்வதைப் பற்றி ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு கடிதம் வேண்டும் என்றார். எந்தத் திருப்பத்தில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருந்தார். எனக்கு ஆலோசனை சொல்ல அதிகம் மிச்சமில்லை. ஒன்றரைப் பக்கக் கடிதத்தில் 'உரிமை' என்ற சொல் ஏழு இடங்களில் இருந்தது. ஆறு இடங்களில் அடித்தேன். ஏழாவதை அடிக்கப் போனபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதை அப்படியே விட்டுவிட்டேன்.